எஸ்எஸ்ஐஎஸ் லுக்கப்: முழு கீ வந்தா தங்கம், பாதி கீ வந்தா?

எஸ்எஸ்ஐஎஸ்-ல (SSIS, டேட்டாவை ஒரு இடத்துல இருந்து எடுத்து மாத்தி இன்னொரு இடத்துல ஏத்துற மைக்ரோசாஃப்ட் டூல்) இருக்குற லுக்கப் டிரான்ஸ்ஃபர்மேஷனை, அதாவது வர்ற ரோவுக்குப் பொருந்துற ரோவை இன்னொரு டேபிள்ல தேடித் தர்ற பாகத்தை, ஏழெட்டு வருஷமா உருட்டிட்டு இருக்கேன், ஆனா ரிவ்யூ எழுதணும்னு தோணினது போன மாசம்தான், அதுக்கு காரணம் ஒரு கத்தரிக்கோல். சொல்றேன் இருங்க.

ஒரு மெடிக்கல் ஷாப் செயின், பேரு வேணாம். அவங்க கிளைகள்ல இருந்து குடோனுக்கு ரிட்டர்ன் வர்ற சரக்கோட ஃபைலை தினமும் ராத்திரி லோட் பண்ற ஜாப் நம்ம தலையில. ஒவ்வொரு ரோவுக்கும் விலையை மாஸ்டர் டேபிள்ல தேடி எடுக்கணும். கீ, அதாவது தேடுறதுக்கான அடையாளம், ரெண்டு ஃபீல்டு சேர்ந்தது, ஐட்டம் கோடும் பேட்ச் நம்பரும். ஐட்டம் கோடு மட்டும் போதாதான்னு கேப்பீங்க, போதாது, ஏன்னா ஒரே மாத்திரைக்கு பேட்சுக்கு பேட்ச் எம்ஆர்பி மாறும், அதுலயும் 2025 செப்டம்பர் 22-ல இருந்து பெரும்பாலான மருந்துக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்துல இருந்து 5-க்கு இறங்கினதும் மாஸ்டர்ல ஒரே ஐட்டத்துக்கு ரெண்டு மூணு விலை வந்து உக்காந்துடுச்சு. வரி போக 100 ரூபா சரக்குன்னா பழைய ரோவுல 112, புது ரோவுல 105.

இப்ப ஃபைலைத் திறந்து பாத்தா நிறைய ரோவுல பேட்ச் காலி. கடைப் பிள்ளைங்க சோம்பேறித்தனம்னுதான் நான் நெனச்சேன். ஒருநாள் அங்க நேர்ல போனப்போதான் தெரிஞ்சுது, நாலு மாத்திரை குடுங்கன்னு கேக்குறவங்களுக்கு ஸ்ட்ரிப்பை வெட்டித் தர்றாங்கள்ல, பேட்ச் நம்பர் அச்சடிச்ச பக்கம் கஸ்டமர் பையில போயிடுது. மிச்சம் ஆறு மாத்திரை எந்த பேட்ச்னு கடையில யாருக்கும் தெரியாது. பில் போடுற சாஃப்ட்வேர்ல அந்த இடத்தை காலியா விட்டுட்டு என்டர் தட்டிடுறாங்க. அவங்களும் வேற என்னதான் பண்ணுவாங்க.

சரி, ரிவ்யூவுக்கு வரேன். ரெண்டு ஃபீல்டும் ஒழுங்கா வந்தா இந்த லுக்கப்பை அடிச்சுக்க ஆளில்ல. ஃபுல் கேஷ்ல போட்டா மாஸ்டர் மொத்தத்தையும் முதல்லயே மெமரிக்கு இழுத்துக்கும், அப்புறம் லட்சக்கணக்குல ரோ வந்தாலும் சும்மா பறக்கும். 2008 வெர்ஷன்ல இருந்து நோ மேட்ச் அவுட்புட்னு தனியா ஒண்ணு இருக்கு, கெடைக்காத ரோவை அந்தப் பக்கம் தள்ளிடலாம். இதுக்கெல்லாம் முழு மார்க்.

பாதி கீ வந்தாதான் இதோட சுயரூபம் தெரியும். நான் பண்ண கோமாளித்தனத்தையே சொல்றேன். நோ மேட்ச்ல ரோ ரொம்ப குவியுதுன்னு, ரெண்டாவதா ஒரு லுக்கப் போட்டு அதுல ஐட்டம் கோடை மட்டும் கீயா இணைச்சு விட்டேன். ஜாப் பச்சையா முடிஞ்சுது, நோ மேட்ச் பூஜ்யம், நான் ஹாப்பியா காபி குடிக்கப் போயிட்டேன். ஒரு ஐட்டத்துக்கு மூணு ரோ இருந்தா இது என்ன பண்ணும் தெரியுமா? குவெரி (டேபிள்ல இருந்து டேட்டா கேக்குற கட்டளை) எந்த ரோவை முதல்ல தந்துச்சோ அதை எடுத்துட்டுப் போயிட்டே இருக்கும். வரிசைப்படுத்தச் சொல்ற ஆர்டர் பை போடலேன்னா எது முதல்ல வரும்னு நம்ம டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வர் யாருக்கும் சத்தியம் பண்ணிக் குடுக்கல. டூப்ளிகேட் கீ இருக்குன்னு ஒரு வார்னிங் வருது, இல்லேன்னு சொல்லல, ஆனா அதுவும் ஃபுல் கேஷ்ல மட்டும்தான், மஞ்சக் கலர்ல, லாக்ல நடுவுல எங்கயோ. யார் படிக்கிறா.

ரெண்டு வாரம் கழிச்சு அக்கவுண்ட்ஸ்ல இருந்து போன். "தம்பி, 105 ரூபா சரக்குக்கு 112 கிரெடிட் போயிருக்கு, ஒரு கடைன்னா பரவால்ல, எல்லா கடைக்கும் போயிருக்கே, என்ன கணக்கு இது?" என்ன சொல்றது. என் தப்புதான் சார்னு சொல்லி வச்சேன். டாக்குமென்ட்ல முதல் மேட்ச்தான் வரும்னு தெளிவாவே எழுதியிருக்கு, நான்தான் படிக்கல.

ஆனாலும் ஒரு ஆதங்கம் இருக்கு. இதே வேலை செய்யுற வேற டூல் இன்ஃபர்மாட்டிகாவுல லுக்கப் போட்டா, பல மேட்ச் வந்தா முதலா, கடைசியா, இல்ல எரர் அடிக்கவான்னு ஒரு ஆப்ஷன் இருக்கும். டேலண்ட்ங்கற இன்னொரு டூலோட டிமேப்லயும் முதல் மேட்ச், எல்லா மேட்ச்னு தேர்ந்தெடுக்கலாம். இங்க அந்தக் கேள்வியே வராது. ஒண்ணுக்கு மேல வந்தா நிறுத்துன்னு ஒரே ஒரு டிக் பாக்ஸ் இருந்திருந்தா என் மானம் தப்பிச்சிருக்கும்.

அடுத்தது காலி ஃபீல்டு சமாச்சாரம், இதுலதான் நிறைய பேர் மண்டையை உடைச்சுக்கறாங்க. ஃபுல் கேஷ்ல நல்-லும் (NULL, மதிப்பே இல்லாத ஃபீல்டு) இன்னொரு நல்-லும் மேட்ச் ஆகும். மாஸ்டரை மொத்தமா மெமரிக்கு இழுக்காத பார்ஷியல் கேஷ், நோ கேஷ் மோடுல தேடுறது டேட்டாபேஸ், அங்க நல் எதுக்கும் சமம் இல்லங்கறதால மேட்ச் ஆகாது, அட்வான்ஸ்டு பக்கத்துல போய் குவெரியை நாமளே திருத்தி ரெண்டு பக்கமும் நல்-ஆ இருந்தா ஏத்துக்கோன்னு ஒரு OR நிபந்தனை சேக்கணும். அதாவது மெமரி பத்தலன்னு மோடை மட்டும் மாத்தினா ரிசல்ட்டே மாறிடும்! எழுத்து பெருசு சின்னது கதையும் இதேதான், ஃபுல் கேஷ்ல பெரிய ஏ-வும் சின்ன ஏ-வும் வேற வேற, பின்னாடி ஒட்டிக்கிட்டு வர்ற ஸ்பேஸையும் விடாது, டேட்டாபேஸ்ல தேடினா பெரும்பாலும் ரெண்டையும் கண்டுக்காது. அதனால லுக்கப்புக்கு முன்னாடி ஒரு டிரைவ்டு காலம் (Derived Column, ஃபீல்டை மாத்தி எழுதுற பாகம்) வச்சு ஸ்பேஸை வெட்டுற டிரிம், பெரிய எழுத்தாக்குற அப்பர் ரெண்டும் போட்டுடுங்க, மாஸ்டர் குவெரியிலயும் அதே மாதிரி போடுங்க.

இன்னொண்ணு, சிஎஸ்வி ஃபைல்ல காலியா வர்றது நல்-ஆ வராது, எழுத்தே இல்லாத வெறும் ஸ்ட்ரிங்கா வரும், ஃபிளாட் ஃபைல் சோர்ஸ்ல நல்-லை அப்படியே வச்சுக்கோன்னு ஒரு டிக் இருக்கு, அதைப் போட்டாதான் நல். நானும் போடலாம்னு கைய வச்சேன், நல்லவேளை மாஸ்டரை ஒரு தடவை பாத்தேன். அங்க நல் பேட்சோட சில ரோ கெடக்கு, பழைய சிஸ்டத்துல இருந்து மாறினப்போ ஓப்பனிங் ஸ்டாக்னு மொத்தமா ஏத்தினது, பழைய விலையோட. டிக் போட்டிருந்தா வெட்டின ஸ்ட்ரிப் எல்லாம் நேரா அதுல போய் ஒட்டியிருக்கும், ஒரு வார்னிங் கூட வந்திருக்காது. மாஸ்டர்ல இருக்குற காலி "பேட்ச் கெடையாது"ன்னு சொல்லுது, ஃபைல்ல வர்ற காலி "பேட்ச் தெரியாது"ன்னு சொல்லுது. ரெண்டும் ஒண்ணுன்னு லுக்கப் நெனச்சா அதைக் குத்தம் சொல்ல முடியாது, நாமதான் பிரிச்சு விடணும்.

இப்ப ஓடிட்டு இருக்குற செட்டப் இதுதான். முதல்ல கண்டிஷனல் ஸ்ப்ளிட், பேட்ச் இருக்குறது ஒரு பக்கம், காலியானது இன்னொரு பக்கம். பேட்ச் இருக்குறதுக்கு முழு கீ லுக்கப். காலியானதுக்கு வேற லுக்கப், அதுல டேபிளை நேரா குடுக்காம குவெரி குடுத்திருக்கேன், ஐட்டம் கோடு வாரியா குரூப் பண்ணி, குறைஞ்ச எம்ஆர்பியும் அதிக எம்ஆர்பியும் சமமா இருக்குற ஐட்டம் மட்டும். யோசிச்சுப் பாருங்க, எல்லா பேட்சும் ஒரே விலைன்னா பேட்ச் தெரியாட்டி என்ன குடி முழுகிடப் போகுது? ஒரு ஐட்டத்துக்கு ஒரு ரோதான் வரும், டூப்ளிகேட் பயமும் இல்ல. இதுலயும் கெடைக்காதது, முழு கீ போட்டும் கெடைக்காதது ரெண்டும் பெண்டிங் டேபிளுக்குப் போகும், காலையில குடோன்ல ஒருத்தர் உக்காந்து பாப்பார். ஜீரோவுக்குப் பதிலா ஓ-ன்னு அடிச்ச பேட்சும் அதுலதான் மாட்டும். அதுக்கு கிட்டத்தட்ட ஒத்துப்போறதையும் தேடித் தர்ற ஃபஸ்ஸி லுக்கப் இருக்கு, ஆனா எண்டர்பிரைஸ் எடிஷன் வேணும், அந்தக் காசுக்கு ஒரு ஆளே வச்சுக்கலாம்னுட்டாங்க.

அஞ்சுக்கு மூணரை குடுப்பேன். வேகத்துக்கு அஞ்சு, பல மேட்ச் வந்தா வாயைத் திறக்காததுக்கு ஒண்ணரை கட்.

பெண்டிங் டேபிள் இப்ப கொஞ்சம் கொஞ்சமா சுருங்கிட்டு வருது, ஆனா அது என் ஜாப்பால இல்ல. குடோன் அக்கா ஒருத்தங்க எல்லா கடைக்கும் வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்காங்க, "எம்மா, நம்பர் இல்லாத பக்கத்துல இருந்து வெட்டுங்கம்மா"ன்னு.