டென் இயர் சீரீஸா, ஃபெட்டா, புளோக் லிஃப்ட்டா? ஃபிசிக்ஸ் படம் புரிய எது உருப்படி

செகண்டரி 3, 4 புள்ளைங்களுக்கு ஃபிசிக்ஸ்ல ஃபார்முலா கணக்கு கூட வந்துடுது, படமும் கிராஃபும்தான் கால வாரி விடுது. நம்ம சிங்கப்பூர்ல ஆளாளுக்கு ஒரு வழி சொல்றாங்க, எது எதுக்கு ஒத்து வரும்னு பாத்துடலாம்.

டென் இயர் சீரீஸ், அதான் பழைய பரீட்சைக் கேள்வி புக்கு, அதைப் போட்டா மார்க் ஏறும், மறுக்கல. ஆனா முடிஞ்ச படத்தையே பாத்துப் பழகுன புள்ளைக்கு வரைய வரும், படிக்க வராது. கான்வெக்ஸ் லென்ஸ் ரே டயக்ராம்ல மூணு கோட்டையும் கரெக்டா போடும், லென்ஸோட மேல்பாதிய மறைச்சா திரைல என்ன தெரியும்னு கேட்டுப் பாருங்க, பாதி படம்தான்னு டக்குனு சொல்லும். உண்மைல முழுசாவே தெரியும், வெளிச்சம் மட்டும் குறையும், ஏன்னா பொருளோட ஒவ்வொரு புள்ளில இருந்தும் லென்ஸ் பூரா வெளிச்சம் விழுது, அந்த மூணு கோடு நம்ம வசதிக்குப் பொறுக்கி எடுத்தது. 1987லயே கோல்ட்பர்க், மெக்டெர்மட்னு ரெண்டு பேர் அமெரிக்கால காலேஜ் பசங்ககிட்ட இதைக் கேட்டு எழுதியிருக்காங்க, அவங்கள்லயே நெறைய பேர் தடுமாறுனாங்க. இதுக்கு ஆப் எதுவும் வேணாம். பகல்ல ரூம் லைட்ட அணைச்சிட்டு, ஜன்னலுக்கு எதுத்த சுவர் பக்கத்துல பூதக்கண்ணாடிய முன்ன பின்ன நகத்துனா வெளிய நிக்கிற புளோக் கட்டடம் சுவத்துல தலைகீழா விழும், அப்புறம் பாதிய கைல மறைக்கச் சொல்லுங்க.

அலைக்கு வந்தா ஃபெட்தான் (PhET, ஸ்கிரீன்ல இழுத்து நகத்திப் பாக்கற சிமுலேஷன் வெப்சைட்), போட்டியே இல்ல. நோபல் வாங்குன கார்ல் வீமன் 2002ல கொலராடோ யுனிவர்சிட்டில ஆரம்பிச்சது, காசு கிடையாது. கயித்துல ஓடுற அலைக்கு ரெண்டு கிராஃப், பாக்க ஒரே அச்சு: கீழ தூரம் போட்டிருந்தா அந்த நேரத்துல கயிறு பூரா எப்படி நிக்குதுன்னு அர்த்தம், நேரம் போட்டிருந்தா கயித்துல ஒரே ஒரு புள்ளி ஆடுன கதை. முகட்டுக்கு முகடு அளந்தா ஒன்னுல வேவ்லெங்த், இன்னொன்னுல பீரியட், பசங்க மாத்தி எழுதிடுவாங்க. ஃபெட் கயித்துல அங்கங்க பச்சை மணி இருக்கும், ஸ்லோ மோஷன்ல போட்டு ஒரே மணிய மட்டும் நிறுத்தி நிறுத்திக் குறிச்சு அவங்களையே பேப்பர்ல கிராஃப் போட வைங்க. பேப்பர் இல்லாம விட்டா அது வெறும் கேம், சும்மா இழுத்து விளையாடிட்டு மூடிடுவாங்க.

மோஷன் கிராஃபுக்கு என் ஓட்டு ஃபைபாக்ஸ், ஜெர்மனில ஆகென் யுனிவர்சிட்டிக்காரங்க செஞ்ச ஃப்ரீ ஆப். அதுல எலிவேட்டர்னு ஒன்னு இருக்கு. ஃபோன லிஃப்ட் தரைல வச்சு மேல போனா உயரம், வேகம், ஆக்சிலரேஷன் மூணும் ஒன்னுக்குக் கீழ ஒன்னா வரும். கெளம்புறப்ப ஆக்சிலரேஷன்ல ஒரு மேடு, நடுவுல பூஜ்ஜியம், அப்ப வேகம் சமமா போகும் ஆனா உயரம் சாஞ்சு ஏறிட்டே இருக்கும், நிக்கப் போறப்ப ஆக்சிலரேஷன்ல ஒரு பள்ளம். ஆக்சிலரேஷன் இல்லன்னா லிஃப்ட் நிக்குதுன்னு நெனச்சுட்டு இருந்த புள்ளைக்கு அங்கயே தெளிஞ்சுடும். கெளம்புறதுக்கு முன்னாடியே மூணு கோடும் எப்படி வரும்னு வரைஞ்சு வச்சுக்கச் சொல்லணும், அது முக்கியம்.

ப்ரெஷர் சென்சார் இல்லாத ஃபோன்ல மட்டும் இது ஓடாது, விலை கம்மி மாடல் நெறையதுல இருக்காது, வீட்ல வேற யார் ஃபோனாவது வாங்கிக்குங்க. காலைல ஸ்கூல் நேரத்துல போகாதீங்க, மாடிக்கு மாடி நின்னு உயரக் கோடு படிக்கட்டு மாதிரி ஆயிடும், அதுவும் படிக்க நல்ல கிராஃப்தான்னு வைங்க.