அப்பாவின் நாடித்துடிப்பும் கண் சொட்டு மருந்தும்: பெங்களூரு பயண அனுபவம்

தம்பி மகளின் காதுகுத்துக்காகத்தான் இந்த முறை பெங்களூரு போனேன். ஆனால் விடுமுறையில் பாதி, அப்பாவின் இதயத்துக்குப் பின்னால் அலைந்ததிலேயே போனது. டொராண்டோ மாதிரி தூரத்தில் இருந்துகொண்டு, லீவில் வந்து பெற்றோரின் உடம்பைக் கவனித்துவிட்டுப் போகிறவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

அப்பா எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வீடு அல்சூரில். ராத்திரி படுத்தால் நெஞ்சு ‘திம் திம்’ என்று அடிக்கிறது, இடப்பக்கம் திரும்பினால் இன்னும் பலமாக இருக்கிறது என்றார். வீட்டு பி.பி. மெஷினில் நாடித்துடிப்பு 46 காட்டியது. பெரியவர்களுக்கு ஓய்வில் 60 முதல் 100 வரை இருப்பதுதான் வழக்கம். இவ்வளவு மெதுவாகத் துடிக்கிற இதயம் ஏன் இப்படி ஓங்கி அடிக்க வேண்டும்?

தெருமுனை லேபில் உட்கார்ந்த கால் மணியில் ஈ.சி.ஜி. எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். டெக்னீஷியன் நம்மூர்ப் பெண், “ஐயா, மூச்ச இழுத்துப் பிடிக்காதீங்க, சும்மா படுங்க” என்று அப்பாவைத் தைரியப்படுத்தினாள். இந்த வேகம் கனடாவில் எனக்குக் கிடைத்ததே இல்லை. அடுத்து ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரிப்போர்ட்டைப் பார்த்த ஐந்து நிமிஷத்தில் அட்மிஷன், பேஸ்மேக்கர் (துடிப்பைச் சீராக்க நெஞ்சில் பொருத்தும் கருவி) என்று பேச்சு வந்தது. என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு அது சரியாகப் படவில்லை, வெளியே வந்துவிட்டோம். அப்பாவுக்கு மயக்கமோ நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இல்லை. அதில் ஒன்று இருந்திருந்தாலும் நான் வெளியே வந்திருக்க மாட்டேன்.

மறுநாள் காலை ஜெயதேவா இருதய மருத்துவமனைக்குப் போனோம். கர்நாடக அரசின் தன்னாட்சி நிறுவனம் அது. இப்போது போவது சுலபம்: 2025 ஆகஸ்டில் மஞ்சள் தட மெட்ரோ வந்த பிறகு, ஆர்.வி. ரோட்டில் மாறினால் இரண்டாவது ஸ்டேஷன். கூட்டம் அதிகம், காத்திருக்கத்தான் வேண்டும். சாப்பாடு, தண்ணீர், பழைய ரிப்போர்ட் எல்லாம் கையோடு இருக்கட்டும்.

அங்கே பார்த்த இளம் டாக்டரம்மா கன்னடம் கலந்த தமிழில் நிதானமாகப் பேசினார். ரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால் சாப்பிடுவதைக் குறித்துக்கொண்டார். அப்புறம், “வேறே ஏதாவது? இன்ஹேலர், கண்ணுக்கு சொட்டு, நாட்டு மருந்து?” என்றார். அப்பா, “கண்ணுக்கு ஒரு சொட்டு விடுறேன்மா. அதுவும் மருந்துல சேத்தியா?” என்று கேட்டார். கண் அழுத்தத்துக்கு டிமோலால். விஷயம் அங்கேதான் இருந்தது.

மெட்டோப்ரோலால், டிமோலால் இரண்டுமே பீட்டா பிளாக்கர், அதாவது இதயத் துடிப்பை மெதுவாக்கும் மருந்து வகை. கண்ணில் விடுகிற சொட்டு, கண்ணோரத் துவாரம் வழியாக மூக்குக்குள் இறங்கி நேராக ரத்தத்தில் கலந்துவிடும். இரண்டும் சேர்ந்தால் துடிப்பு ரொம்பவே குறையலாம். பலமாக அடிப்பதற்கான காரணத்தையும் டாக்டரம்மாவே சொன்னார். குழாயடியில் அதிக நேரம் வைத்த குடம் கூடுதலாக நிறைவது போல, இரண்டு துடிப்புக்கு நடுவே இடைவெளி கூடினால் இதயத்தில் ரத்தம் அதிகம் நிறைகிறது, அதை ஓங்கித் தள்ள வேண்டியிருக்கிறது. நடுவில் முந்திக்கொண்டு ஒரு துடிப்பு வந்தால், அதன் பின் வரும் இடைவெளி இன்னும் நீளம், அடுத்த அடி இன்னும் பலம். முந்தி வரும் துடிப்பு பலவீனமாக இருந்தால் மணிக்கட்டு வரை வந்தே சேராது. அதனால் பி.பி. மெஷினும் வாட்ச்சும் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டுவதும் உண்டு.

எக்கோ (இதயத்துக்கான ஸ்கேன்) எடுத்தார்கள், தைராய்டும் பொட்டாசியமும் பார்த்தார்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் துடிப்பு குறையும். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு 24 மணி நேரமும் துடிப்பைப் பதிவு செய்கிற ஹோல்ட்டர் கருவி. நெஞ்சில் ஒட்டிய வயர்கள், இடுப்பில் சின்னப் பெட்டி, அன்றைக்குக் குளியல் கிடையாது. அதை மாட்டிக்கொண்டே அப்பா அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை வரை நடந்தார். கொடுத்த தாளில், தொழிற்சாலை லாக் புக் எழுதிய அதே குண்டு கையெழுத்தில், “இரவு 2.10. இடப்பக்கம். அடி பலம்” என்று எழுதியிருந்தார். டாக்டரம்மா கம்ப்யூட்டரில் சரியாக அந்த 2.10-ஐத் தேடி எடுத்தார். துடிப்பு 41, முந்தி வந்த ஒரு துடிப்பு, ஒரு இடைவெளி, அதற்கடுத்து ஒரு முழு அடி. பயப்படும்படியான நீண்ட நிறுத்தம் எங்கும் இல்லை. அந்தத் தாளை அவர் படித்த விதத்துக்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

கண் டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். டிமோலாலுக்குப் பதில் லேட்டனோப்ராஸ்ட் வந்தது. அது துடிப்பைக் குறைப்பதில்லை. மெட்டோப்ரோலாலைப் படிப்படியாகத்தான் குறைத்தார்கள். “நீங்களா நிறுத்திடாதீங்க” என்று இரண்டு முறை சொன்னார். திடீரென்று விட்டால் ரத்த அழுத்தம் எகிறும், நெஞ்சுவலி வரலாம். சொட்டு விட்டதும் கண்ணின் உள்மூலையை விரலால் இரண்டு நிமிஷம் அழுத்திப் பிடித்தால் மருந்து உடம்பில் கலப்பது குறையும் என்று கண் டாக்டர் செய்து காட்டினார். டிமோலாலைத் தொடர வேண்டியவர்களுக்கும் அது உதவும்.

நான் கிளம்பும்போது அப்பாவின் துடிப்பு அறுபதைத் தாண்டியிருந்தது, ராத்திரி தூங்குகிறார். மாத்திரை, சொட்டு, தைலம் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதித் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன், எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதை நீட்ட வேண்டும் என்று. சொட்டு மாறியிருப்பதால் அடுத்த மாதம் கண் அழுத்தத்தை மறுபடி அளக்க வேண்டும். அந்தத் தேதியை என் போனிலும் குறித்து வைத்திருக்கிறேன்.