துருப்பிடித்த ஒரிஜினலா, புத்தம்புது நகலா: ஒரு 69 கமாரோவைப் பிரித்துப் போட்டபோது

மிச்சிகனில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரின் கராஜில் போன குளிர்காலம் முழுக்க ஒரு 1969 ஷெவர்லே கமாரோ எஸ்எஸ் 350 எலும்பும் தோலுமாக நின்றது. முன்பக்கம் மொத்தமும் கழற்றியாகிவிட்டது. தரையில் பழைய போர்வையை விரித்து, அதன் மேல் இடப்பக்கத்து ஃபெண்டர், அதாவது முன்சக்கரத்தின் மேல் வரும் பக்கத் தகடு, இரண்டை வைத்திருந்தார். ஒன்று காரோடு பிறந்தது, பின்பக்கக் கீழ் மூலையை உள்ளங்கை அகலத்துக்குத் துரு தின்றிருந்தது. இன்னொன்று அப்போதுதான் அட்டைப்பெட்டியிலிருந்து வெளியே வந்த நகல், கறுப்பு பிரைமர் பூசி, ஒரு கீறல்கூட இல்லாமல். எதைப் போடட்டும் என்று கேட்டார். புதுசுதான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றேன். அது தப்பு என்று புரிய ஆறு வாரம் ஆனது.

ஒரு பாகம் கெட்டுப்போனால் பழைய கார்க்காரர்களுக்கு நாலு வழி. இருப்பதையே பழுதுபார்ப்பது, காயலான் கடையில் அதே வருடத்துக் காரிலிருந்து கழற்றி வருவது, என்ஓஎஸ் என்று சொல்லப்படும், அந்தக் காலத்திலேயே தயாராகி விற்காமல் அலமாரியில் கிடந்த பாகத்தைத் தேடிப் பிடிப்பது, அப்புறம் ரிப்ரோ, அதாவது இன்றைக்குப் புதிதாக அடித்து விற்கும் நகல். 69 கமாரோவில் இந்தத் தலைவலி ரொம்ப அதிகம், ஏனென்றால் எல்லாமே கிடைக்கிறது. அந்த மாடல் 2,43,085 கார்கள் வெளியே வந்தன, பிரியர்களும் ஏராளம், அதனால் கதவுக் கைப்பிடியிலிருந்து முழு உடற்கூடு வரைக்கும் நகல் விற்கிறார்கள். அதே வருடத்து மெர்க்குரி சைக்ளோன் வைத்திருப்பவருக்கு இந்தக் குழப்பமே இவ்வளவு இல்லை, தகடு கிடைக்காது, உள்ளதைத் தட்டிக்கொட்டிச் சேர்த்தாக வேண்டும்.

சரி, ஃபெண்டருக்கு வருவோம். 69 கமாரோவை மற்ற கமாரோக்களிலிருந்து பிரித்துக் காட்டுவதே சக்கர வளைவுக்கு மேலிருந்து கிளம்பிக் கதவுக்குள் ஓடி மறையும் அந்த மடிப்புக்கோடுதான். ஃபெண்டரில் தொடங்கும் கோடு கதவில் போய்ச் சேர வேண்டும், நூல் பிடித்த மாதிரி. நகல் ஃபெண்டரைப் பொருத்திப் பார்த்தால் கோடு கதவை எட்டும்போது ஒரு மூன்று மில்லிமீட்டர் கீழே இறங்கியிருந்தது, மடிப்பும் மழுங்கல், சோப்பைத் தேய்த்துக் கழுவிய மாதிரி. ஷிம் என்கிற மெல்லிய தகட்டுத் துண்டுகளை அடியில் கொடுத்து மேலே தூக்கினால் பானெட் பக்கத்து இடைவெளி அகலமாகிறது, அதைச் சரிசெய்தால் கதவைத் திறக்கும்போது விளிம்பு உரசுகிறது. இப்படியே ஆறு வாரக் கடைசிகள் போயின. பழைய ஃபெண்டரை எடுத்து அதன் பழைய ஷிம்களோடு மாட்டினோம், முக்கால் மணி நேரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்தக் கதவோடு ஐம்பது வருடம் குடும்பம் நடத்திய தகடாயிற்றே.

அந்த மூலையில் ஏன் துரு பிடிக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். முன்கண்ணாடிக்கு முன்னால் உள்ள காற்றுத் துளைகள் வழியாக இலையும் மண்ணும் விழுந்து ஃபெண்டருக்குள்ளே கீழே போய்த் தேங்குகின்றன, இங்கே குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு டயர் வழியாக வந்து அதோடு சேர்கிறது. ஆக அழுகுவது அந்த மூலை மட்டும்தான், மேலே கோடும் வளைவும் உள்ள பகுதி கெட்டியாக இருக்கும். மூலையை வெட்டி எடுத்து, நகல் ஃபெண்டரின் மூலையையே அளவாக நறுக்கி வெல்டிங் செய்தால் வேலை முடிந்தது. நகல் தகட்டுக்கு நான் எதிரி இல்லை. தரைத் தகடு, டிக்கியின் இரு பக்கத்துப் பள்ளம், இதற்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நகல் போடலாம், அங்கே கோடு எதுவும் எதோடும் சேர வேண்டியதில்லை.

காயலான் கடைத் தகடு? அரிசோனாப் பாலைவனத்திலிருந்து வருவதாக இருந்தால் நகலைவிட எனக்கு அதுதான் முதலில். வெயில் பெயின்ட்டையும் சீட்டையும் வறுத்துத் தள்ளியிருக்கும், தகட்டைத் தொட்டிருக்காது. லாரி வாடகைதான் அழ வைக்கும்.

சின்னச் சின்ன வார்ப்புச் சாமான்களில் கணக்கு அப்படியே தலைகீழ். பின்விளக்கைச் சுற்றியுள்ள சட்டம், சின்னங்கள், கைப்பிடி எல்லாம் துத்தநாகக் கலவையில் வார்த்து குரோம் பூசியவை. வயதானால் அடியிலிருந்து புள்ளி புள்ளியாக அரித்து மேலே கொப்புளம் விடும். அதைக் காப்பாற்ற வேண்டுமென்றால் பூச்சை உரித்து, ஒவ்வொரு குழியையும் சுரண்டி, செம்பு ஏற்றி, தேய்த்து, மறுபடி செம்பு, நிக்கல், குரோம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். நகல் வாங்கிவிடுங்கள், பழையதைப் பெயர் எழுதிப் பெட்டியில் போட்டு வையுங்கள். பம்பருக்கு மட்டும் இது பொருந்தாது. பழைய பம்பர் கனமான எஃகு, வளைவு நெளிவெல்லாம் சரியாக இருக்கும், நெளிந்திருந்தால் நிமிர்த்தி மறுபூச்சு கொடுக்கலாம். கொடுப்பதானால் தள்ளிப்போட வேண்டாம், பூச்சுப் பட்டறைகள் குறைந்துகொண்டே வருகின்றன. அலங்கார குரோம் பூச்சுக்குப் பயன்படும் நச்சு ரசாயனத்தைப் படிப்படியாக நிறுத்துவதென்று கலிஃபோர்னியா 2023-இல் முடிவே எடுத்துவிட்டது.

இஞ்சினில் நான் ஏற்கெனவே சூடுபட்டவன். அதனால் இங்கே கொஞ்சம் நீட்டி முழக்குவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஷெவர்லே சின்ன வி8 இஞ்சினில், வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், கட்டைவிரல் அகலத்தில் ஒரு தட்டையான மேடை இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கைக் கரைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் எழுத்து தெரியும். பெரியவரின் இஞ்சினில் V0321 என்று தொடங்கியது. வி என்றால் ஃபிளின்ட் ஆலை, 0321 என்றால் மார்ச் 21. பக்கத்திலேயே 19N என்று தொடங்கும் இன்னொரு வரி, அது ஷெவர்லே, 1969, ஒஹையோவின் நார்வுட் ஆலை, அதற்குப் பின்னால் காரின் வரிசை எண். அந்த எண் முன்கண்ணாடிக்கு அடியில் உள்ள வின் தகட்டோடு, அதாவது காரின் அடையாள எண் தகட்டோடு, ஒத்துப்போனால் இது இந்தக் காருக்கே பிறந்த இஞ்சின். பின்பக்கம், கியர்பாக்ஸ் சேரும் விளிம்பில் வார்ப்புத் தேதி புடைத்து நிற்கும்: C 14 9, மார்ச் 14, 1969. வார்த்து ஒரு வாரத்தில் இஞ்சின் கோர்த்திருக்கிறார்கள். இஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தடுப்பான ஃபயர்வாலில் உள்ள தகட்டில் 03D, அதாவது மார்ச் நாலாவது வாரத்தில் உடற்கூடு. தேதிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைகோத்து வருகின்றன. அன்றைக்கு இரவு சாப்பிடக் கூப்பிட்டும் ரெண்டு பேரும் வீட்டுக்குப் போகவில்லை.

என் சொந்தக் கதை வேறு. முன்பு ஒரு 1970 நோவா வைத்திருந்தேன், இஞ்சின் பிளாக்கை ஒரு லேத் பட்டறையில் கொடுத்தேன். சிலிண்டர் தளத்தைச் சமன்செய்கிறேன் என்று மேல்தளம் முழுக்க ஒரு இழை சீவிவிட்டார்கள், அந்த மேடையும் சேர்ந்து கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. எழுத்தெல்லாம் போச்சு. நான் கத்தியபோது, அதனால் என்ன, அதே எண்ணை மறுபடி குத்தித் தருகிறோம் என்றார் ஒருவர், ஏதோ சட்டைக்குப் பட்டன் தைத்துத் தருவது போல. அது மோசடி. தவிர, தெரிந்தவர் கண்ணுக்கு மாட்டிக்கொள்ளும், ஆலையில் அந்தத் தளத்தைச் செதுக்கிய கருவி முன்னும் பின்னுமாக நேர்க்கோட்டுக் கீறல்களை விட்டிருக்கும், அது இல்லாத மேடையில் எண் இருந்தால் அப்போதே கதை தெரிந்துவிடும். பிளாக்கைக் கொடுக்கும்போது மேடையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அதன் மேல் டேப் ஒட்டி, இதைத் தொடாதே என்று பெரிதாக எழுதி, ரசீதிலும் அதை எழுதி வாங்குங்கள்.

ஷெவர்லேக்காரர்களுக்கு இது உயிர் பிரச்சினை ஆவதற்குக் காரணம் இருக்கிறது. ஃபோர்டு என்றால் 1967 முதலான தயாரிப்பு விவரம் மார்ட்டி ரிப்போர்ட்டாகக் கிடைக்கிறது, பான்டியாக்குக்கு பிஎச்எஸ் ஆவணம் உண்டு, காரின் எண்ணைக் கொடுத்தால் என்னென்ன சேர்த்து அனுப்பினார்கள் என்று காகிதம் வந்துவிடும். அமெரிக்காவில் செய்த ஷெவர்லேவுக்கு அப்படி ஒன்று இல்லை. 69 கமாரோவின் வின் எண் அது எஸ்எஸ் என்கிற வேக ரகமா இல்லையா என்றுகூடச் சொல்லாது. உலோகமும், அதிர்ஷ்டமிருந்தால் சீட்டு ஸ்பிரிங்குக்குள்ளோ பெட்ரோல் டேங்க் மேலோ ஒட்டிக்கொண்டிருக்கும் பில்டு ஷீட்டும், அதாவது காரில் என்னென்ன மாட்ட வேண்டும் என்று ஆலையில் அச்சடித்த தாளும்தான் சாட்சி. அதனால் டேங்கைத் தூக்கிப் போடும் முன் மேல்பக்கம் பாருங்கள், பார்த்துவிட்டுத் தூக்கிப் போடுங்கள். உள்ளே துருப்பிடித்த டேங்குக்கு வேதியியல் பூச்சு கொடுத்துக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பியவர்கள் பின்னால் அந்தப் பூச்சு உரிந்து கார்புரேட்டரை அடைப்பதைப் பார்த்திருக்கிறார்கள். நகல் டேங்க் நல்ல பொருள்.

முழு உடற்கூடு நகலும் கிடைக்கிறது என்றேன் இல்லையா, அதை வாங்கி, பழைய காரின் வின் தகட்டைப் பெயர்த்து அதில் ஒட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஓடிவிடுங்கள். அந்தத் தகட்டைக் கழற்றி மாற்றுவது அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தில் குற்றம், பழுதுபார்ப்புக்கு விலக்கு உண்டு என்று வாதாடிக்கொண்டு நிற்க வேண்டி வரும்.

கார்புரேட்டரில் போட்டியே கிடையாது என்பேன். 7029 என்று தொடங்கும் எண் உள்ள குவாட்ராஜெட், அதாவது இந்தக் கார்களோடு வந்த கார்புரேட்டர், உங்களிடம் இருந்தால் அது 1969-இல் வந்தது, அதை விட்டு ஹோலி என்கிற வேறு கம்பெனிக் கார்புரேட்டரைப் புதிதாக வாங்குவது வீண்செலவு. "குவாட்ராஜெட் சரிப்படாது, பெட்ரோல் ஒழுகும்" என்று சொல்பவர்கள் பாதிப் பேர் அடியில் உள்ள சின்ன மூடிகளுக்கு எபாக்ஸி வைக்காமல் கோர்த்தவர்கள். அதையும், தேய்ந்த த்ராட்டில் தண்டுக்கு புஷ்ஷையும் போட்டு, இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் ரப்பர் உள்ள கிட்டோடு சேர்த்தால் காலையில் ஒரே சாவியில் கிளம்பும்.

டயர், பிரேக் ஹோஸ், பிரேக் லைனிங், கதவு ரப்பர்: பாசம் வைக்காதீர்கள். ஐம்பது வருட டயர் கண்காட்சிக்கு ஆகும், சாலைக்கு ஆகாது. அந்தக் காலத்து பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு, ட்ரம்மைத் திறந்ததும் காற்றடித்துச் சுத்தம் செய்யும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள், ஈரத் துணியால் துடையுங்கள்.

என்ஓஎஸ் பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காது. ஷெவர்லேவின் தாய் நிறுவனமான ஜிஎம்மின் பழைய பெட்டியைப் பார்த்ததும் கை நடுங்கிப் பணத்தை எண்ணிக் கொடுப்பவர்களைப் பென்சில்வேனியாவின் ஹெர்ஷி சந்தையில் பார்த்திருக்கிறேன். பெட்டி பழையது, உள்ளே இருப்பது போன வருடத்து நகல் என்பதும் நடக்கிறது. நிஜமாகவே பழையதாக இருந்தாலும் அது உதிரிக்காகப் பின்னால் செய்த பாகமாக இருக்கலாம், முத்திரையும் தேதியும் உங்கள் காருக்குப் பொருந்தாது. ரப்பர் சாமான் என்றால் அலமாரியில் இருந்தபடியே கிழடாகியிருக்கும். கிரில், விளக்குக் கண்ணாடி மாதிரி பொருத்தம் முக்கியமான இடத்தில் மட்டும் அந்த விலை கொடுக்கலாம்.

கடைசியில் பெயின்ட், இதில்தான் நானும் பெரியவரும் இன்னமும் ஒத்துப்போகவில்லை. ஜிஎம் அந்த வருடங்களில் அடித்தது அக்ரிலிக் லாக்கர், மெலிசானது, வயதானால் நிலம் வெடித்த மாதிரி கோடு விடும். இவருடைய கூரையிலும் டிக்கி மூடியிலும் பழைய பெயின்ட் இன்னும் இருக்கிறது, மற்ற இடத்தில் எப்போதோ யாரோ அடித்தது. முழுக்க உரித்து இன்றைய முறையில் பேஸ்கோட் என்கிற நிறப் பூச்சும் அதன் மேல் கிளியர்கோட் என்கிற நிறமற்ற பளபளப்புப் பூச்சும் அடித்தால் ஈரம் சொட்டுவது போல மின்னும், ஆனால் நார்வுட்டில் எந்தக் காரும் அப்படி மின்னிக்கொண்டு வெளியே வந்ததில்லை. உரிக்காமல் விட்ட கார்களுக்கு மதிப்பில்லை என்றும் சொல்ல முடியாது. ஸ்டீவ் மெக்வீன் 1968-இல் திரையில் ஓட்டிய பச்சை மஸ்டாங் புதுப்பிக்காமல், அடிபட்ட தோலோடேதான் 2020 ஜனவரியில் ஏலத்துக்கு வந்தது, கட்டணத்தோடு 37.4 லட்சம் டாலருக்குப் போனது. அது நட்சத்திரக் கார், நம்முடையது பால் வாங்கப் போன கார் என்கிறார் பெரியவர். அதுவும் நியாயம்தான். இருந்தாலும் கூரையையும் மூடியையும் அப்படியே விட்டு, மற்ற இடத்துக்கு அதற்கு இசைவாக லாக்கரே அடிக்கலாம் என்பது என் கட்சி.

ஜிஎம்மின் பிற்கால எல்எஸ் இஞ்சின், பெரிய சக்கரம், ஏசி என்று போகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. துளை போடாமல் போல்ட் வைத்து மாட்டுங்கள், கழற்றிய இஞ்சினை எண்ணெய் பூசிக் காற்றுப் புகாமல் கட்டி வையுங்கள், அவ்வளவுதான்.

இடப்பக்க ஃபெண்டரின் மூலை இப்போது புதுத் தகடு, மற்றதெல்லாம் பழையது. மடிப்புக்கோடு கதவுக்குள் நேராக ஓடுகிறது. மூலையை வெட்டிக் கொடுத்த நகல் ஃபெண்டர் கராஜ் சுவரில் ஆணியடித்துத் தொங்குகிறது, விலைச் சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. அதன் வளைவில்தான் பெரியவர் இப்போது ஏர் ஹோஸைச் சுற்றி வைக்கிறார்.