‘செய்ய வேண்டியவை’ பட்டியலோடு எட்டுப் பருவங்கள்

2021இல் பொறியியல் முதலாண்டில் சேர்ந்த வாரத்தில் தொடங்கிய, செய்ய வேண்டியவற்றைப் பட்டியலிடும் பழக்கம், 2025இல் கடைசித் தேர்வு எழுதும்வரை விட்டுவிட்டேனும் தொடர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் மூன்று கைபேசிச் செயலிகளையும், விடுதி அறைக் கதவில் ஒட்டிய தாள்களையும், பல குறிப்பேடுகளையும் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். இறுதியில் கையில் தங்கியவை ஒரு குயர் நோட்டும் கூகுள் டாஸ்க்ஸ் என்ற செயலியும் மட்டுமே.

முதலாண்டில் நான் எழுதியவற்றைப் பட்டியல் என்று சொல்வதே தவறு; அவை பாடத்திட்டத்தின் நகல்கள். “கணக்கு படிக்க வேண்டும்”, “ரெகார்டு முடிக்க வேண்டும்”, “ஜெராக்ஸ் எடுக்க வேண்டும்”, “சோப்பு வாங்க வேண்டும்” என்று எல்லாம் ஒரே வரிசையில், ஒரே உயரத்தில் நின்றன. ஐந்து அலகுகள் கொண்ட ஒரு பாடத்துக்கும் இரண்டு ரூபாய் ஜெராக்ஸுக்கும் செயலி ஒரே அளவு கட்டத்தைத்தான் தந்தது. மாலையில் நான்கு கட்டங்களில் டிக் விழுந்திருக்கும், மனமும் நிறைந்திருக்கும். ஆனால் அந்த நான்கும் கடைத்தெருவில் முடிந்த வேலைகளாக இருக்கும். முதல் இன்டர்னல் தேர்வின் விடைத்தாள் கைக்கு வந்தபோதுதான், நான் நாள் முழுக்கச் சுறுசுறுப்பாக இருந்ததற்கும் படித்ததற்கும் தொடர்பே இல்லை என்பது புரிந்தது.

மூன்றாம் பருவத்து நோட்டின் ஒரு பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன். அதில் “ஃபூரியர் படிக்கணும்” என்ற வரி இருக்கிறது; ஃபூரியர் என்ற கணித அறிஞரின் பெயரில் வரும் கணக்குப் பகுதி அது. அதற்கு முந்தைய பத்து நாட்களின் பக்கங்களிலும் அதே வரி, அதே சொற்களில் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் எழுத்து மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்துகொண்டே போகிறது. அறைத்தோழன் எட்டிப் பார்த்து, “என்னடா, இந்த ஃபூரியர் உன்கூடவே டிகிரி வாங்கிடுவார் போலிருக்கே” என்றான். அன்றிரவு அந்த வரியை அடித்துவிட்டு இப்படி மாற்றி எழுதினேன்: “இரவு 8 மணி, மெஸ்ஸிலிருந்து வந்ததும், ரீடிங் ரூம், இரண்டாம் அலகு, ஹாஃப் ரேஞ்ச் சைன் சீரிஸ், பழைய வினாத்தாளில் இரண்டு கணக்கு.” பதினோரு நாள் நகராத வேலை நாற்பது நிமிடத்தில் முடிந்தது. நான் சோம்பேறி என்று அதுவரை நினைத்திருந்தேன். எந்தப் புத்தகத்தை எந்தப் பக்கத்தில் திறப்பது என்பதை அந்த வரி சொல்லாததுதான் உண்மையான தடையாக இருந்தது.

செயலியைவிடக் காகிதம் எனக்கு ஒத்துப்போனதற்குக் காரணம், இப்படித் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருந்ததே. செயலியில் முடிக்காத வேலை தானாகவே மறுநாளுக்குப் போய்விடுகிறது, அல்லது சிவப்பு நிறத்தில் கிடக்கிறது. ஒரு மாதம் சிவப்பைப் பார்த்த கண்ணுக்கு அது சுவரின் நிறமாகிவிடுகிறது. நோட்டில் அப்படியில்லை: தள்ளிப்போட்ட வேலையை மறுநாள் கையால் திரும்ப எழுத வேண்டும். மூன்றாம் முறை எழுதும்போது கை வலிக்கிறதோ இல்லையோ, வெட்கமாக இருக்கிறது. ஆகவே ஒரு விதி வைத்துக்கொண்டேன். மூன்று முறை நகலெடுத்த வரியை நான்காம் முறை அப்படியே எழுதக் கூடாது. அதை உடைக்க வேண்டும், அல்லது செய்யப்போவதில்லை என்று ஒப்புக்கொண்டு அடித்துவிட வேண்டும். நியாயமாகச் சொன்னால், மைக்ரோசாஃப்ட் டு டூ செயலியின் அன்றாடப் பட்டியல் நள்ளிரவில் தானாகக் காலியாகிவிடுவதால், அதிலும் இதற்கு நெருக்கமான பயன் கிடைக்கும். கூகுள் டாஸ்க்ஸில் தேதியுள்ளவற்றை மட்டும் வைத்திருக்கிறேன். தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாள், அசைன்மென்ட் கெடு போன்றவை நாட்காட்டியிலும் தெரிவதால் நோட்டு அவற்றைச் சுமக்க வேண்டியதில்லை.

நேரக் கணிப்பில் நான் தேறவே இல்லை. ஆய்வக ரெகார்டில் ஒரு சோதனையை எழுத இருபது நிமிடம் என்று குறிப்பேன். வரைபடம், அட்டவணை, மாதிரிக் கணக்கு எல்லாம் சேர்ந்து ஐம்பது நிமிடத்தைத் தாண்டிவிடும். இது என் தனிக்குறை அல்ல என்பது பிறகு தெரிந்தது. 1994இல் வெளியான ஓர் ஆய்வில், பட்ட ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாட்கள் ஆகும் என்று கணித்த மாணவர்களுக்கு உண்மையில் ஏறத்தாழ 56 நாட்கள் ஆகியிருந்தன. அதைப் படித்த பின் என் கணிப்பை இரண்டால் பெருக்கத் தொடங்கினேன். ஒரு நாளுக்கு ஏழு வரிகள் என்றிருந்தது மூன்றானது. மூன்று வரியில் பக்கம் வெறிச்சோடித் தெரியும். அதைப் பொறுத்துக்கொள்ள ஒரு பருவம் முழுதும் பிடித்தது.

பருவத் தேர்வுக் காலத்தில் மட்டும் பட்டியலின் வடிவத்தை மாற்றுவேன். எங்கள் வினாத்தாளில் இரண்டு மதிப்பெண் வினாக்கள் பத்து, பதின்மூன்று மதிப்பெண் வினாக்கள் ஐந்து, பதினைந்து மதிப்பெண் வினா ஒன்று. எனவே அலகு வாரியாக “படிக்க” என்று எழுதாமல், “மூன்றாம் அலகு, பதின்மூன்று மதிப்பெண், பார்க்காமல் ஒன்று எழுதிப் பார்” என்று எழுதுவேன். படித்து முடித்தோமா என்பதில் மனம் நம்மை ஏமாற்றும். எழுதி முடித்தோமா என்பதில் ஏமாற்ற முடியாது.

மறுநாளுக்கான பட்டியலை இரவில் எழுதுவதே நல்லது. படுக்கும் முன் ஐந்து நிமிடம் இனிச் செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிடச் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள் என்று 2018இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்று சொல்கிறது. எனக்கும் தூக்கம் வந்தது. விடுதியில் நள்ளிரவில் நடக்கும் பிறந்தநாள் கொண்டாட்டங்களுக்கு மட்டும் எந்தப் பட்டியலும் மருந்தாகவில்லை.

இந்த முறை தோற்ற இடம் இறுதியாண்டு புராஜெக்ட். அங்கே பாதி வேலை பிறர் கையில் இருந்தது: லேத்தில் கடைந்து வர வேண்டிய பாகம், வழிகாட்டியின் கையெழுத்து, நண்பன் எழுத வேண்டிய இரண்டாம் அத்தியாயம். என் முயற்சியால் முடியாதவற்றை அன்றாடப் பட்டியலில் வைத்துத் தினமும் நகலெடுத்ததில் எரிச்சல்தான் மிஞ்சியது. பிறகு நோட்டின் கடைசிப் பக்கத்தில் “காத்திருப்பவை” என்று தலைப்பிட்டு, யாரிடம் எது இருக்கிறது, எந்த நாளில் மறுபடி கேட்க வேண்டும் என்று மட்டும் குறித்துவைத்தேன். அந்தப் பக்கத்தில் கடைசியாக அடிபட்ட வரி இரண்டாம் அத்தியாயம். அது அடிபட்டது பைண்டிங் கடைக்குப் போகும் வழியில், பேருந்தில்.