அம்மாப்பேட்டை தள்ளுவண்டி தட்டுவடை செட்: அவசியம் போங்க

இரண்டு தட்டுவடைக்கு நடுவே காய்த் துருவலும் சட்னியும் வைத்துத் தருவதுதான் தட்டுவடை செட். சேலத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை, ஆனாலும் சாயங்காலம் அம்மாப்பேட்டையில் நிற்கும் இந்த வண்டிக்காகவே போகலாம். அடுப்பு கிடையாது, இடமும் ஒரு பலகை அளவுதான், அதனால் அந்த அண்ணன் புதுசாக எதை யோசித்தாலும் தட்டுவடை, முறுக்கு, துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், காரச் சட்னி, புதினாச் சட்னி இதற்குள்ளேயே யோசிக்க வேண்டியிருக்கிறது. அதுதான் அவருடைய பலம். இந்த சீசனுக்கு மாங்காய்த் துருவல் மட்டும் சேர்த்திருக்கிறார். வழக்கமாக வருகிற நாலு பேருக்குச் சும்மா கொடுத்துப் பார்த்து, சரி என்ற பிறகுதான் வியாபாரத்துக்கு விட்டாராம். அந்தப் புளிப்பு காரச் சட்னியோடு சேரும்போது, அடடா! கொஞ்சம் தள்ளி இன்னொரு கடையில் சீஸ், மயோனைஸ் என்று இஷ்டத்துக்கு அடுக்குகிறார்கள், தட்டுவடை ருசியே தெரியவில்லை. அப்புறம், பார்சல் வேண்டாம், நமத்துவிடும்.