12.5 கிலோவா, 5 கிலோவா? வன்னியில் காஸ் வாங்குவோருக்கு

இங்கே குழாய் வழி காஸ் இல்லை, மாத பில்லும் இல்லை. சிலிண்டர் விலையை அதிலுள்ள காஸின் கிலோவால் வகுத்தால் வருவது கிலோ விலை; அதை வைத்துத்தான் நம் பில். எந்த அளவு வாங்குவது என்று குழம்புகிறவர்களுக்காக இது.

விலை
2024 இறுதியில் லிட்ரோ காஸ் நிறுவனத்தின் கொழும்பு விலைகள்:
12.5 கிலோ: ரூ. 3,690, கிலோ ரூ. 295.20
5 கிலோ: ரூ. 1,482, கிலோ ரூ. 296.40

வித்தியாசம் ஒரு ரூபாய் இருபது சதம்தான். பெரிசு வாங்கினால் மிச்சம் என்பது வெறும் பேச்சு. வன்னிக்கு வரும்போது போக்குவரத்துச் செலவு சேரும், ஆகவே உங்கள் கடை விலையை வைத்தே வகுத்துப் பாருங்கள். ஓட்டோ பிடித்தால் அந்தக் காசையும் கூட்டுங்கள். கடை தூரமென்றால் அடிக்கடி ஓடவேண்டிய சின்னதுதான் நட்டம்.

தூக்குவது
12.5: இரும்போடு சேர்த்துச் சைக்கிளில் கட்டுவது பெரும்பாடு.
5: ஒற்றை ஆள் போதும்.

செலவை அளப்பது
இரண்டுக்கும் ஒரே வழி. நெல் நிறுக்கும் தராசில் மாதத் தொடக்கத்திலும் முடிவிலும் சிலிண்டரை நிறுங்கள். குறைந்த கிலோவைக் கிலோ விலையால் பெருக்கினால் மாதச் செலவு. இடையில் சிலிண்டர் மாற்றினால், பழையதிலும் புதியதிலும் குறைந்த கிலோவைத் தனித்தனியே நிறுத்துக் கூட்ட வேண்டும்.

மூன்று நேரமும் காஸில் சமைக்கும் பெரிய குடும்பத்துக்கு 12.5, காலபோக அறுவடைக் காசு கையிலிருக்கும்போது வாங்கலாம். சோறு விறகில், தேத்தண்ணி மட்டும் காஸில் என்றால் 5 தாராளம்.