ஸ்ப்ளெண்டர் கார்புரேட்டரை வீட்டிலேயே கழற்றிச் சுத்தம் செய்தல்: பல வருடப் பயன்பாட்டில் தெரிந்தவை

சோக் போட்டால்தான் ஸ்டார்ட் ஆகிறது. சோக்கை எடுத்தால் அணைகிறது. சிக்னலில் ஆக்சிலேட்டரை விட்டதும் நின்றுவிடுகிறது, ஆனால் 40-ஐத் தாண்டிவிட்டால் எந்தக் குறையும் இல்லை. இவை எல்லாம் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் அடைத்திருப்பது கார்புரேட்டரில் (இன்ஜினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் பாகம்) இருக்கும் பைலட் ஜெட். ஜெட் என்பது பெட்ரோலை அளந்து விடும், நடுவில் சின்னத் துளையுள்ள பித்தளைத் துண்டு. வேகத்தில் போகும்போது மெயின் ஜெட்தான் பெட்ரோல் கொடுக்கிறது, அதன் துளை பெரியது. ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டர் கொடுக்காமல் ஓடும்போது, வேலை செய்யும் பைலட் ஜெட்டின் துளையோ அரை மில்லிமீட்டர்கூட இல்லை. தூசி மாட்டுவதும் பழைய பெட்ரோல் பிசினாகக் காய்வதும் முதலில் அங்கேதான்.

இங்கே சொல்வதெல்லாம் 97.2 சிசி ஹீரோ ஸ்ப்ளெண்டர் பைக்கை வைத்து. இதே அமைப்புள்ள மற்ற 100 சிசி வண்டிகளுக்கும் முக்கால்வாசி பொருந்தும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை விதி வந்த பிறகு விற்ற ஸ்ப்ளெண்டரில் கார்புரேட்டரே கிடையாது, இன்ஜெக்டர்தான்.

கழற்றுவதற்கு முன் டிரெயின் ஸ்க்ரூ. கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணமான பவுலின் அடியில் அல்லது பக்கவாட்டில் இருக்கும். பெட்ரோல் டேப்பை மூடி, அடியில் ஒரு கண்ணாடி டம்ளரை வைத்து, ஸ்க்ரூவை இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்தினால் பவுலில் இருப்பது முழுக்க இறங்கிவிடும். ஐந்து நிமிடம் அசையாமல் வைத்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் முத்து முத்தாகத் திரளும், துரு இருந்தால் பழுப்பு மண்ணாகப் படியும். டேப்பைத் திறந்து இன்னும் அரை டம்ளர் ஓடவிட்டால் பல வண்டிகள் அதோடு சரியாகிவிடும். இதைச் செய்யாமல் ஸ்பானரை எடுப்பது வீண் வேலை. பிளக்கையும் ஏர் ஃபில்டரையும் கையோடு பார்த்துவிடுங்கள். டாப்பெட் (இன்ஜின் வால்வின் இடைவெளி) இறுகியிருந்தாலும் ஐடிலிங் இதே மாதிரிதான் அடிவாங்கும், அதற்குக் கார்புரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை.

டிரெயினில் தீரவில்லை என்றால்தான் கழற்ற வேண்டும். 8, 10 எம்எம் ஸ்பானர், நல்ல முனையுள்ள ஸ்டார் டிரைவர், ஜெட்டின் வெட்டில் கச்சிதமாக உட்காரும் ஒரு மைனஸ் டிரைவர், மூக்கு பிளேயர், கார்ப் கிளீனர் ஸ்ப்ரே, சைக்கிள் பம்ப், ஒரு வெள்ளைத் தட்டு. தட்டு எதற்கு என்பது பைலட் ஸ்க்ரூவின் (ஐடிலிங் கலவையைச் சரிசெய்யும் திருகு) வாஷர் கீழே விழும்போது தெரியும். வேலை திறந்தவெளியில்தான். மூடிய வராண்டாவில், அடுப்போ பூஜை விளக்கோ எரியும் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும்.

டேப்பை மூடி, பெட்ரோல் குழாயின் கிளிப்பைத் தள்ளி, குழாயைத் திருகிக்கொண்டே உருவ வேண்டும். நேராக இழுத்தால் பழைய குழாய் கிழியும். ஏர் ஃபில்டர் பக்கத்து ரப்பர் குழாயின் கிளாம்பைத் தளர்த்தி, இன்ஜின் பக்கத்து இரண்டு 10 எம்எம் நட்டைக் கழற்றினால் கார்புரேட்டர் வெளியே வந்துவிடும். ஆக்சிலேட்டர் கேபிள் மட்டும் மேல் மூடியோடு சேர்ந்திருக்கும். மூடியைத் திறந்தால் ஸ்லைடும் (ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கிக் காற்று வழியைத் திறக்கும் உருளை) ஊசியும் ஸ்பிரிங்கும் ஒன்றாக மேலே வரும். சுத்தம் செய்ய மட்டும் என்றால் கேபிளிலிருந்து ஸ்லைடைப் பிரிக்கத் தேவையில்லை, சுத்தமான துணியில் சுற்றி ஹேண்டில்பாரோடு கட்டி வையுங்கள். ஊசி வளைந்தால் மைலேஜும் பிக்கப்பும் சேர்ந்து போகும். பிஎஸ்4 மாடல்களில் கூடுதல் குழாய்கள் இருக்கும், கழற்றுவதற்கு முன் போனில் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பவுல் ஸ்க்ரூக்கள்தான் முதல் சோதனை. டிரைவரைத் திருகுவதைவிட அழுத்துவதில் அதிக பலம் வேண்டும். தலை வழுக்கத் தொடங்கினால் உடனே நிறுத்தி, டிரைவரை வைத்து மேலே சுத்தியலால் மெல்ல இரண்டு தட்டு தட்டினால் பிடி விடும். பவுலைத் திறந்ததும் மிதவையின் பின்னை ஒரு பக்கமாகத் தள்ளி, மிதவையையும் அதில் தொங்கும் ஊசி வால்வையும் (பவுல் நிரம்பியதும் பெட்ரோலை நிறுத்துவது) எடுக்க வேண்டும். அந்தப் பின்னைத் தாங்கும் தூண்கள் அலுமினிய வார்ப்பு. ஓங்கித் தட்டி ஒரு தூண் உடைந்தால் புது கார்புரேட்டர்தான் வழி.

பைலட் ஸ்க்ரூவைக் கழற்றுவதற்கு முன் அதை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் தொட்டு நிற்கிறது என்று எண்ணி எழுதிக்கொள்ள வேண்டும். இறுக்கக் கூடாது, முனை நசுங்கினால் ஐடிலிங் பிறகு எந்த டியூனிங்குக்கும் அடங்காது. வெளியே எடுத்தால் ஸ்பிரிங், வாஷர், சின்ன ஓ ரிங் (ரப்பர் வளையம்) என்று வரிசையாக வரும். ஓ ரிங் துளைக்குள்ளேயே தங்கிவிடுவது வழக்கம். அதைப் பார்க்காமல் ஸ்ப்ரே அடித்தால் ஊதிப் பெருத்து நாசமாகும். ஸ்ப்ரேயைத் தொடுவதற்கு முன் ரப்பர் எல்லாம் வெளியே வந்துவிட வேண்டும்.

ஜெட்டுகள் பித்தளை. வெட்டு சிதைந்தால் எடுப்பது பெரும்பாடு. சில கார்புரேட்டர்களில் பைலட் ஜெட் அழுத்திப் பொருத்தியதாக இருக்கும். தலையில் வெட்டு இல்லையென்றால் பிடுங்க முயலாமல், இருந்த இடத்திலேயே ஸ்ப்ரே அடியுங்கள். கழன்ற ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். அடைத்திருந்தால் ஸ்ப்ரேயில் ஊறவிட்டு, மின்வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையால் குத்தலாம். ஊசி, கிட்டார் கம்பி, டிரில் பிட் கூடாது. துளை கொஞ்சம் அகன்றாலே கலவை மாறி, பிளக் கருப்படித்துக்கொண்டே இருக்கும்.

ஜெட்டைக் கழுவிவிட்டு கார்புரேட்டரின் உடலை விட்டுவிடுவதுதான் வீட்டில் பலரும் செய்யும் தவறு. அடைப்பு ஜெட்டுக்குப் பின்னால் இருக்கும் வழியிலும் இருக்கும். பைலட் ஜெட் உட்காரும் துளையில் ஸ்ப்ரேயின் குழலை வைத்து அடித்தால், ஸ்லைடுக்கு அருகே இன்ஜின் பக்கமாக இருக்கும் ஊசிமுனை அளவுத் துளையிலும், ஏர் ஃபில்டர் பக்க வாயில் இருக்கும் காற்றுத் துளையிலும் பீய்ச்ச வேண்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், எந்தத் துளை வழியாக முகத்தில் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. ஏதாவது ஒரு துளையில் வரவில்லை என்றால் அந்த வழி இன்னும் திறக்கவில்லை. அரை மணி ஊறவிட்டு சைக்கிள் பம்பால் காற்று அடியுங்கள். பஞ்சர் கடை கம்ப்ரஸரும் சரிதான், மிதவை உள்ளே இல்லாதபோது மட்டும்.

ஊசி வால்வின் ரப்பர் முனையில் வளையமாகத் தடம் பதிந்திருந்தால் மாற்றிவிடுங்கள், ஓவர்ஃப்ளோவுக்கு, அதாவது பெட்ரோல் நிரம்பி வழிவதற்கு, அதுதான் காரணம். ரிப்பேர் கிட் வாங்கினால் அதிலிருந்து எடுக்க வேண்டியது பவுல் பேக்கிங், ஓ ரிங், ஊசி வால்வு, அவ்வளவே. கூட வரும் மலிவு ஜெட்டுகளில் அச்சடித்த எண் ஒன்று, உண்மையான துளை வேறொன்று. ஒரிஜினல் ஜெட் துளை கெடாமல் இருக்கும்வரை அதையே போடுவது நல்லது.

திரும்ப மாட்டும்போது கவனம் வேண்டியது ஸ்லைடில். ஸ்லைடின் பக்கத்தில் இருக்கும் நீளக் காடி, உடலுக்குள் இருக்கும் சின்ன முளையில் உட்கார வேண்டும். அடிப்பக்கம் சாய்வாக வெட்டிய பகுதி ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். தப்பாகப் போனால் ஸ்லைடு முழுக்க இறங்காது, ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் அலறும். கிக்கரில் கால் வைப்பதற்கு முன் ஆக்சிலேட்டரை முறுக்கி விடுங்கள், டக்கென்ற சத்தத்தோடு திரும்ப வேண்டும். இரண்டு நட்டையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே பக்கம் இறுக்கினால் இன்ஜினோடு சேரும் முகம் வளைந்து காற்று உறிஞ்சும். அங்கே இருக்கும் ஓ ரிங் தட்டையாகியிருந்தால் புதிது போடுங்கள், கோந்து வேண்டாம், அது பெட்ரோலில் கரைந்து ஜெட்டுக்கே வந்து சேரும்.

டியூனிங் பத்து நிமிடம் ஓட்டிச் சூடானபின்தான். பைலட் ஸ்க்ரூவை எழுதி வைத்த சுற்றில் வைத்து, அங்கிருந்து கால் கால் சுற்றாகத் திருப்பி இன்ஜின் சத்தம் உச்சமாக இருக்கும் இடத்தைப் பிடியுங்கள். பிறகு ஐடிலிங் ஸ்க்ரூவால் இன்ஜினை நிமிடத்துக்கு 1,400 சுற்றுக்கு இறக்க வேண்டும். ஸ்ப்ளெண்டரில் ஆர்பிஎம் மீட்டர் இல்லாததால் காதுதான் மீட்டர். பைலட் ஸ்க்ரூ இன்ஜின் பக்கம் இருந்தால் வெளியே திருப்ப பெட்ரோல் கூடும். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் உள்ளே திருப்ப பெட்ரோல் கூடும்.

ஒழுங்காகச் செய்த சுத்தம் வருடக்கணக்கில் நிற்கும். மூன்றே மாதத்தில் அதே அடைப்பு வந்தால் குற்றவாளி டேங்க். டேப் ஆன் நிலையில் இருக்கும்போது பெட்ரோல் உயரமான குழாய் வழியாக வருகிறது, துருவும் தண்ணீரும் அதற்குக் கீழே தங்கிக் கிடக்கும். என்றைக்கோ ஒரு நாள் ரிசர்வில் போட்டதும் சேர்ந்தது அத்தனையும் இறங்கும். டேங்கைக் கழுவாமல் கார்புரேட்டரை மட்டும் கழுவுவது ஓட்டைக் குடத்தைத் துடைத்து வைப்பது மாதிரி. வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் டேங்கைக் கழுவுவது கட்டாயம். பெட்ரோல் குழாயின் நடுவில் ஃபில்டர் போடுவதானால் மெல்லிய வலை உள்ளதைப் போடுங்கள். பம்ப் உள்ள வண்டிக்கான காகித ஃபில்டரைப் போட்டால், தானாக இறங்கும் பெட்ரோல் போதாமல் வேகத்தில் திணறும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபிறகு பவுலில் வெள்ளைப் பொடி படிவது அதிகம் கண்ணில் படுகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், ஈரம் அலுமினியத்தை அரிக்கும். இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் வண்டி நிற்கப்போகிறது என்றால் டேப்பை மூடி, தானாக அணையும் வரை ஓடவிட்டு, மிச்சத்தை டிரெயின் செய்துவிடுங்கள்.

சுத்தம் செய்தும் தீராத ஒன்று தேய்மானம். ஸ்லைடு உடலுக்குள் கடகடவென்று ஆடினால், ஊசி நுழையும் துளை முட்டை வடிவமாகியிருந்தால், மைலேஜ் திரும்பாது. அப்போது முழு கார்புரேட்டரையும் மாற்றுவதுதான் கணக்குக்குச் சரி, அதுவும் அதே மாடலுக்கான ஒரிஜினல்.

வேலை முடிந்த அன்று டேப்பைத் திறந்து, வண்டியை மெயின் ஸ்டாண்டில் போட்டு, அடியில் பழைய செய்தித்தாளை அரை மணி நேரம் விரித்து வையுங்கள். காகிதத்தில் ஈரம் பட்டிருந்தால் ஊசி வால்வோ பவுல் பேக்கிங்கோ சரியாக உட்காரவில்லை. மறுபடி திறக்க வேண்டியதுதான்.